வருசத்துக்குப் பதிமூணு மாசம்

இந்த மண்ணின் முதல் தொலைபேசிக் கம்பெனி எங்கள் தாத்தாக்களின் கால்கள். ஊர்த்தெருவில் ஒருவர் செத்தால் சுற்றுப்பட்டு கிராமங்களில் இருக்கிற அவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் இழவு சேதி கொண்டு போகிறவன் சேரிக்காரன்தான். ராத்திரி, மழை, பாம்பு எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. போன ஊரில் தெருமுனையில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எட்ட இருந்தே சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். கூலி என்று ஒன்று கிடையாது. கொடுத்தால் கொஞ்சம் நெல். கொடுக்காவிட்டால் கேட்கக் கூடாது. தண்டோரா போடுகிறதும் இதே கணக்குதான். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொள்ளுங்கள், தண்டோராவை விடுங்கள் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத 2022 ஆகஸ்ட் வரை ஆகியிருக்கிறது. செல்போன் வந்து இருபத்தேழு வருசம் கழித்து!

ஆகவே, இன்டர்நெட் வந்து தொலைபேசிக் கம்பெனிகளின் வியாபாரத்தைக் கவிழ்த்துவிட்டது என்று இங்கிலீஷ் பத்திரிகைகள் பெரிய பொருளாதாரக் கட்டுரைகள் எழுதும்போது எனக்கு வேறு மூன்று கேள்விகள்தான் வருகின்றன. சேதியைச் சுமக்கிறவன் யார்? பேசுகிறவன் யார்? காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கிற தோல் பட்டையில் ரொம்ப காலம் டெலிபோன் என்பது டேனரி ஆபீசின் மேசைமேல் இருந்த பொருள். சென்னை பெரியமேட்டில் இன்று தோல் என்ன விலை என்பது போன் வைத்திருந்தவருக்குத் தெரியும். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவனுக்குத் தெரியாது. விலை தெரியாதவன் கூலி பேச முடியாது. தகவல்தான் அதிகாரம் என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இருந்ததில்லை.

காலனிக்கு வந்தது 'பி.பி.' நம்பர். கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் போடுவோமே, அது. போன் வேறொருவர் வீட்டில் இருக்கும். நம்ம பேருக்கு அழைப்பு வந்தால் அவர் மனசு வைத்து ஆள் அனுப்ப வேண்டும். நான் ஆறாவது படித்தபோது எங்களுடைய பி.பி. நம்பர் ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. தங்கவயலில் என் ஆயா செத்த சேதி சாயங்காலமே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. எங்களுக்குச் சொன்னது மறுநாள் காலையில், பால் ஊற்ற வந்த பையன் மூலமாக. "ராத்திரி நேரத்துல காலனிக்கு யார அனுப்பறது" என்றார்களாம். அம்மா போய்ச் சேர்வதற்குள் குழி மூடிவிட்டார்கள். எங்கள் தாத்தா எத்தனை ராத்திரி அந்தத் தெருவுக்காக நடந்திருப்பார் என்று அம்மா கணக்குப் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன்.

இந்த நிலைமையை முதலில் உடைத்தது மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத். 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் நம்ம வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற சிறிய எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியது. பூத்துகள் மூலைக்கு மூலை முளைத்தன. பூத் ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் முன்னுரிமை இருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே நின்று பேசுகிறவன் என்ன சாதி என்று ரிசீவருக்குத் தெரியாது. ஆனால் தலைக்குமேல் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அழுகையைக்கூட அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அழ வேண்டும்.

அந்தச் சிவப்பு எண்தான் பழைய தொலைபேசி வியாபாரத்தின் ரகசியம். விற்ற சரக்கு இரண்டு: தூரம், நிமிஷம். வேலூருக்குப் பேசினால் ஒரு விலை, பம்பாய்க்குப் பேசினால் இன்னொரு விலை, சவூதிக்குப் பேசினால் ஒரு வாரக் கூலி. ராத்திரி ஆக ஆகக் கட்டணம் பாதியாகும், அப்புறம் காலாகும். அதனால்தான் நம்ம சனம் தூக்கத்தை விட்டு வரிசையில் நின்றது. பேச்சு வயரில் போவதற்கு ஆகிற செலவுக்கும் இந்த விலைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. தூரப் பேச்சில் அள்ளிய லாபத்தில் ஒரு பகுதி உள்ளூர்ப் பேச்சையும் கிராமத்து இணைப்பையும் மலிவாக வைத்திருக்கப் போனது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1995 ஜூலை 31-இல் நாட்டின் முதல் செல்போன் பேச்சு கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நடந்தது. அதற்கு அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15-இல், வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் விற்கத் தொடங்கியது. அப்போது வருகிற அழைப்புக்கும் காசு. 2003-இல்தான் அது நின்றது. நின்றதும் நம்ம சனம் ஒரு காரியம் செய்தது: மிஸ்டு கால். ஒரு ரிங் அடித்து வைத்தால் ஷூ கம்பெனி ஷிப்ட் முடிஞ்சிடுச்சி. ரெண்டு ரிங் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு வா. மூணு ரிங் என்றால் கூலி கிடைச்சிருச்சி, அரிசி வாங்கிக்கிட்டு வரேன். கம்பெனியின் டவர், கம்பெனியின் அலைவரிசை, கம்பெனியின் மின்சாரம். பைசா கிடையாது. தொலைபேசிக் கம்பெனிகளின் வியாபார மாதிரிக்கு முதல் சவால் இன்டர்நெட்டிலிருந்து வரவில்லை. அப்பர் தைக்கிற பெண்களின் கட்டை விரலிலிருந்து வந்தது. இதை எந்தப் பொருளாதார நிபுணரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

இன்டர்நெட் செய்தது இதையே பெரிய அளவில். பழைய போனில் இரண்டு பேர் பேசினால், பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பாதை முழுக்க அவர்களுக்கே. கல்யாணத்துக்குத் தனி பஸ் பிடித்த மாதிரி. பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் பஸ் வாடகை ஏறும். இன்டர்நெட்டில் குரலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் ஒட்டி, போகிற டவுன் பஸ்களிலெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இறக்கி, வரிசைப்படுத்தி, மறுபடியும் குரலாக்குகிறார்கள். ஒரே பஸ்ஸில் படமும் போகும், கடிதமும் போகும், அம்மாவின் இருமலும் போகும். தூரத்துக்குத் தனி விலை வைக்க இதில் இடமே இல்லை.

கம்பெனிகளும் அரசும் இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டார்கள். அதனால்தான் இன்டர்நெட் வழிப் பேச்சு முதலில் தடை செய்யப்பட்டிருந்தது. 2002 ஏப்ரல் 1-இல் அனுமதித்தபோதும் ஒரு வேலி போட்டார்கள்: கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டுப் போனுக்குப் பேசலாம், உள்நாட்டுப் போனுக்குப் பேசக் கூடாது. ஊர்க் கிணறு, காலனிக் கிணறு மாதிரி ஒரு ஏற்பாடு. தண்ணீர் ஒன்றுதான், வாளிதான் வேறு. அந்த வேலியை முறையாக எடுக்க 2018 ஆனது. ஆனால் அதற்குள் சனம் வேலியைச் சுற்றிப் போய்விட்டது. 2003-இல் ஸ்கைப் வந்தது (அதுவே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது என்பது வேறு கதை). 2015-இல் வாட்ஸப்பில் பேசும் வசதி வந்தது. ஐ.எஸ்.டி. என்ற சொல்லே செத்துப்போனது. துபாயில் வேலை பார்க்கிறவன் பிள்ளை நடக்கிறதை நேரில் பார்க்கிறான். இது சின்ன விஷயம் கிடையாது. இதைக் கேலி செய்கிறவர்கள் பி.பி. நம்பர் இல்லாத வீட்டில் பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

கம்பெனிகள் ஒப்பாரி வைத்தன. எங்கள் வயரில் ஓசியில் போகிறார்கள் என்றன. 2014 டிசம்பரில் ஏர்டெல், நெட் வழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. 2015-இல் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. இன்னொரு பக்கம் பேஸ்புக், ஏழைகளுக்கு இலவசம் என்று சொல்லிக்கொண்டு தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் காட்டுகிற திட்டத்தோடு வந்தது. ஏழைக்குத் தனி டம்ளர். 2016 பிப்ரவரி 8-இல் டிராய் அந்த வித்தியாச விலையைத் தடை செய்தது. அந்தப் போராட்டத்தில் நம்ம இயக்கங்கள் பெரிதாக நிற்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஏதோ பெங்களூர் கம்ப்யூட்டர் பிள்ளைகளின் பிரச்சினை என்று விட்டுவிட்டோம். இரட்டைக் குவளைக்கு எதிராக ஊர் ஊராக நின்ற நாம், இரட்டை இன்டர்நெட்டை அடையாளம் கண்டிருக்க வேண்டாமா?

2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டாவுக்குக் காசு என்றது. நிமிஷமும் செத்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் செத்துக் கிடந்ததும், நம்பரை மாற்றிக்கொள்ள சனம் கடை வாசல்களில் நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்றைக்கு மிச்சம் மூன்று தனியார் கம்பெனிகளும் பி.எஸ்.என்.எல்.லும்தான். 2020 ஏப்ரலில் பேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவில் பங்கு வாங்கியது. இன்டர்நெட்டுக்கும் தொலைபேசிக்கும் சண்டை என்றார்கள். பார்த்தால் சம்பந்தி ஆகிவிட்டார்கள். பந்தியில் இலை எடுக்கிற வேலை நமக்கு.

எங்க பக்கத்து அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். ஷூ கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வருகிற ஆர்டருக்கு முன்பெல்லாம் டெலெக்ஸ், பேக்ஸ், ஐ.எஸ்.டி. என்று செலவு. இப்போது மாடலின் படம் வாட்ஸப்பில் வருகிறது. நிறம் மாற்று, தையல் மாற்று, நாளைக்கே அனுப்பு என்று ராத்திரி பத்து மணிக்கு வருகிறது. காலையில் லைனில் உட்காருகிற பெண்ணுக்குக் கணக்கு கூட்டப்படுகிறது. வீட்டுக்கு மூட்டையாகத் தூக்கிவந்து அப்பர் தைக்கிற அம்மாவுக்கு, "இன்னிக்கே வேணும்" என்று ஏஜெண்ட் செல்லில் சொல்கிறான். தூரம் செத்ததில் மிச்சமான காசு ஜோடிக்கு இத்தனை என்கிற பீஸ் ரேட்டில் ஏறியதா? தைக்கிற எந்த அக்காவையாவது கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். பேச்சு மலிவானதால் உழைப்பைக் கூப்பிடுவதும் மலிவாகிவிட்டது.

இனி அந்த ஞாபகம் வைக்கச் சொன்ன வாக்கியம். தூரப் பேச்சின் லாபத்தில் ஓடிய அரசுத் துறையில் நமக்கு இட ஒதுக்கீடு இருந்தது. லைன்மேனாக, ஆபரேட்டராக, கிளார்க்காக, ஜூனியர் டெலிகாம் ஆபீசராக நம்ம வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். காலனிக்கு முதல் போன் பல இடங்களில் அப்படித்தான் வந்தது. டெலிபோன்ஸில் வேலை பார்க்கிற அண்ணன் வீட்டுக்கு. 2000 அக்டோபர் 1-இல் அந்தத் துறை பி.எஸ்.என்.எல். ஆனது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். பாதி நிறுவனம். அந்த நாற்காலிகளோடு அவற்றின் இட ஒதுக்கீடும் போனது. ஜியோவிலும் ஏர்டெல்லிலும் ரோஸ்டர் கிடையாது. கேபிளுக்குப் பள்ளம் தோண்டுகிற வேலையில் மட்டும் அறிவிக்கப்படாத நூறு சதவீதம் நமக்கே.

இன்டர்நெட்தான் பி.எஸ்.என்.எல்.லைக் கொன்றது என்பது பாதி உண்மை. கிராமத்து இணைப்புகளால் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட 2003-இல் தனியார் கம்பெனிகள்மேல் போட்ட கட்டணம் 2008-இல் நீக்கப்பட்டது. தனியார் எல்லாம் 4ஜி விற்றுக்கொண்டிருந்தபோது பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைவரிசையைக் கொடுக்க அரசு முடிவெடுத்ததே 2019 அக்டோபரில். நாடு முழுவதற்குமான 4ஜி சேவையை அது தொடங்கியது 2025 செப்டம்பரில். கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்கிறார்கள். இதே வாதத்தை அரசு வங்கிகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அரசு வங்கியில் கிளார்க்காக இருக்கிற எனக்கு அது காதில் விழாமல் போகாது.

என் கவுண்டருக்கே வருகிறேன். போன மாதம் ஒரு அக்கா வந்தார். ஷூ கம்பெனியில் இருபது வருசம் உழைத்து இடுப்பு போய், இப்போது வீட்டில் இருக்கிறவர். "சாரு, எனக்கு ஆயிரம் ரூபா வந்துச்சா இல்லியா, மெசேஜே வரல" என்றார். பார்த்தால் மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் ஏறியிருக்கிறது. பட்டன் போன்தான் பேசவில்லை. ரீசார்ஜ் முடிந்து நாளாகி, நம்பரையே எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆக, அவர் கணக்கின் ஓ.டி.பி. இப்போது யாரோ ஒருவர் கைக்குப் போகிறது! படிவம் எழுதி நம்பரை மாற்ற அவர் இரண்டு நாள் அலைந்தார். "நான் யாருக்கும் போன் பண்றதில்ல சாரு, வர்றத எடுத்துப் பேசறதோட சரி. அதுக்கு இன்னாத்துக்கு மாசாமாசம் இருநூறு ரூபா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதில் இதுதான். தூரத்தை விற்க முடியவில்லை. நிமிஷத்தையும் விற்க முடியவில்லை. ஆகவே கம்பெனிகள் இப்போது நாளை விற்கின்றன. வேலிடிட்டி! 2018 கடைசியில், குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் வருகிற அழைப்பும் நிற்கும் என்று கொண்டு வந்தார்கள். மிஸ்டு காலைப் பழி வாங்கிய நாள் அது. அதோடு, 28 நாள் ஒரு மாசம் என்றார்கள். 28-ஐப் பதிமூன்றால் பெருக்கிப் பாருங்கள், 364. தொழிலாளிக்கு வருசத்தில் பன்னிரண்டு சம்பளம். கம்பெனிக்குப் பதிமூன்று ரீசார்ஜ். எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது இந்தப் பதிமூணாவது மாசம்? 2022-இல் டிராய், 30 நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. 2019, 2021, 2024 என்று மூன்று முறை விலையை ஏற்றினார்கள். டேட்டா வேண்டாம், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் போதும் என்கிறவர்களுக்குத் தனி பேக் வையுங்கள் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் வைத்தார்கள். எப்படி? 84 நாளுக்கு மொத்தமாக, நானூறு ரூபாய்க்கு மேல். ஒரே தடவையில் அவ்வளவு எடுத்து வைக்க முடிந்தவளுக்கு அந்த பேக் எதற்கு?

இன்டர்நெட் பழைய வியாபாரத்தை உடைத்தது உண்மைதான். உடைந்த வியாபாரம் தன் நஷ்டத்தை, இன்டர்நெட்டே பயன்படுத்தாதவர்களின் தலையில் இறக்கி வைத்துவிட்டது. எங்கள் தாத்தா கூலியில்லாமல் சேதி சுமந்தார். அந்த அக்கா சேதி வருவதற்குக் கூலி கொடுக்கிறார்.

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்கிறார்கள். டவர் போடவும் கேபிள் இழுக்கவும் நாங்கள் கோடி கோடியாகக் கொட்டுகிறோம், வாட்ஸப்பும் யூடியூபும் அதன்மேல் உட்கார்ந்து சம்பாதிக்கின்றன, அவர்களும் எங்களுக்குப் பங்கு தரட்டும் என்கிறார்கள். டவருக்குச் செலவு ஆகிறது என்பது மெய். ஆனால் அந்த டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே காசு கட்டிவிட்டோம். கம்பெனிக்குக் கம்பெனி சுங்கம் வசூலிக்க விட்டால், கட்ட முடிந்த பெரிய செயலி ஓடும், கட்ட முடியாத சின்னது நொண்டும். நாளைக்கு நம்ம இயக்கம் ஒரு யூனியன் செயலியோ வானொலியோ தொடங்கினால் வாசலிலேயே நிறுத்துவார்கள். பெரிய கம்பெனிகளின் லாபத்தில் அரசு வரி போடட்டும். அதை டிஜிட்டல் பாரத் நிதியில் சேர்த்து, சிக்னல் எட்டாத காலனிக்கும் மலைக் கிராமத்துக்கும் செலவழிக்கட்டும். சுங்கச்சாவடியைக் கம்பெனி கையில் கொடுக்கக் கூடாது.

அதனால் தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது:

ஒன்று, வருகிற அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் யாருக்கும் நிறுத்தப்படக் கூடாது. அரசு தன் பணத்தையும் சான்றிதழையும் ஓ.டி.பி.யோடு கட்டிப் போட்டுவிட்ட பிறகு, நம்பர் என்பது ரேஷன் கார்டு மாதிரி. ரீசார்ஜ் இல்லை என்று ரேஷன் கார்டைப் பிடுங்குவார்களா?

இரண்டு, மாசம் என்றால் மாசம். பேச்சுக்கு மட்டுமான பேக் மாசக் கணக்கில், கூலிக்காரர் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும்.

மூன்று, அலைவரிசை பொதுச்சொத்து. அதை ஏலத்தில் எடுத்து நடத்துகிற கம்பெனி இட ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்க முடியாது. உரிம நிபந்தனையிலேயே அதை எழுத வேண்டும். பள்ளம் தோண்டுகிறவனுக்கும் டவர் ஏறுகிறவனுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று உரிமம் கொடுக்கிற அரசே பார்க்க வேண்டும்.

நான்காவது நமக்கே. வாட்ஸப் குழுவை இயக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் சுட்டுக் கொன்ற கையோடு மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். பட்டன் அவர்கள் கையில் இருக்கிறது. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் பத்திரிகை தொடங்கியபோது அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். நம்ம சனத்தின் கையில் என்ன இருக்கிறதோ அதற்குள் சேதி போய்ச் சேர வேண்டும் என்பது அந்தப் பெயரில் இருக்கிற கணக்கு. நூறு வருசத்துக்கு மேலாகியும் எந்தத் தொலைபேசிக் கம்பெனியும் அந்தக் கணக்கைப் போடவில்லை. நாம் போட வைக்க வேண்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கங்களை அச்சடித்துக் கையில் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். இதற்கு வேலிடிட்டி கிடையாது.